ஆம்னிக்கு எது, ஈகோவுக்கு எது? ஸ்டீயரிங் லாக் வாங்கும் முன்

கேள்வி: அண்ணா, திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் பனியன் ஜாப் ஒர்க் செய்கிறோம். 2013 மாடல் மாருதி ஆம்னி வேன் ஒன்று இருக்கிறது, எல்பிஜி கிட் போட்டது, தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும். 2023 மாடல் ஈகோ கார்கோ ஒன்று, அதற்கு முழு இன்சூரன்ஸ். இரண்டும் இரவில் குடோன் வாசலில் தெருவில்தான் நிற்கும். போன மாதம் அடுத்த தெருவில் ஒரு ஆம்னி காணாமல் போய்விட்டது. ஸ்டீயரிங் லாக் கேட்டால் கடையில் 700 ரூபாய்க்கு ராடு, 1,200 ரூபாய்க்கு பெடலோடு சேர்த்து மாட்டுவது, 3,500 ரூபாய்க்கு ஸ்டீயரிங்கையே மூடுகிற தட்டு என்று மூன்று காட்டுகிறார்கள். எங்கள் மெக்கானிக் இதெல்லாம் வேண்டாம், கியர் லாக் போடு என்கிறார். எது உண்மையிலேயே திருட்டைத் தடுக்கும்? இரண்டு வண்டிக்கும் சேர்த்து 6,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும்.

பதில்: தம்பி, முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஆம்னிக்கு அந்தத் தட்டு, கூடவே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச், அதாவது ஆஃப் செய்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி கரண்டை நிறுத்துவது. ஈகோவுக்கு நல்ல ராடு ஒன்று போதும். பெடல் லாக் வேண்டாம், கியர் லாக்கை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஆனால் இதைப் படித்த கையோடு கடைக்கு ஓடிவிடாதீர்கள், ஏனென்றால் லாக்கின் பெயரையும் விலையையும் விட அது உங்கள் வண்டியின் வளையத்தில் எப்படி உட்காருகிறது என்பதுதான் முக்கியம், அதைப் பார்க்காமல் வாங்கியவர்கள்தான் பிறகு சீட்டுக்குப் பின்னால் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எந்த ஸ்டீயரிங் லாக்கையும் உடைக்க முடியும். பேட்டரியில் ஓடுகிற கட்டிங் மெஷின் இன்றைக்கு எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது, சத்தத்துக்குப் பயப்படாத ஒருவன் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நாம் வாங்குகிற எந்த இரும்பும் விடியும் வரை தாங்காது. ஆனால் தெருவில் நிற்கும் பழைய வேனை எடுக்க வருகிறவன் அப்படி உட்கார விரும்ப மாட்டான். அவனுக்கு வேண்டியது ஓரிரு நிமிடத்தில், சத்தமில்லாமல், யாராவது பார்த்தாலும் வண்டிக்காரன்தான் வண்டி எடுக்கிறான் என்று நினைக்கும்படி வேலை முடிய வேண்டும். கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்க்கும்போதே மஞ்சளாக ஒரு இரும்பு தெரிந்தால் அதே தெருவில் லாக் இல்லாத அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். லாக்கின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. அதனால் கறுப்பு நிற லாக் ஸ்டைலாக இருக்கிறதென்று வாங்காதீர்கள். இருட்டில் டார்ச் அடித்தால் பளிச்சென்று தெரிய வேண்டும், மஞ்சளோ சிவப்போ எடுங்கள்.

மீதிப் பாதி வேலை, மீறி உள்ளே வந்துவிட்டவனைத் தாமதப்படுத்துவது. ஆம்னி ஏன் சுலபமாகப் போகிறது என்று தெரிந்தால்தான் எங்கே காசு போடுவது என்று புரியும். சாவியை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு லாக் விழுகிறதல்லவா, கம்பெனியிலிருந்தே வருவது, அது ஸ்டீயரிங் தண்டுக்குள் இறங்குகிற ஒரு சின்ன ஆணி, அவ்வளவுதான். பலம் கொண்ட ஒரு ஆள் வளையத்தைப் பிடித்து ஓங்கி இழுத்தால் அது போய்விடும். உங்கள் ஆம்னியில் இம்மொபிலைசர், அதாவது சரியான சிப் உள்ள சாவி இல்லாமல் இன்ஜினை ஓட விடாத அமைப்பு, இல்லையென்றால் (ஓனர் புத்தகத்தில் பாருங்கள்) அதற்குப் பிறகு இன்ஜினைத் தடுக்க ஒன்றுமே இல்லை. இதில் இன்னொரு சிக்கல் பழைய வண்டிகளின் இக்னிஷன் லாக். தினமும் முப்பது, நாற்பது தடவை சாவி போட்டு எடுத்து உள்ளே தேய்ந்து போயிருக்கும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை வெளியே இழுக்க வருகிறதா என்று உங்கள் வண்டியில் பாருங்கள், வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்துவிட்டுத்தான், ஓட்டிக்கொண்டு அல்ல. வருகிறது என்றால் வேறு ஏதாவது ஒரு தேய்ந்த சாவி அந்த லாக்கைத் திருப்பிவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்படியானால் ஸ்டீயரிங் லாக் வாங்குவதற்கு முன்னால் இக்னிஷன் லாக்கைப் புதிதாக மாற்றுங்கள், பட்ஜெட்டைத் தாண்டினாலும் பரவாயில்லை.

இப்போது அந்த மூன்று லாக்குகளுக்கு வருகிறேன். ராடு வகையைப் பற்றிக் கடைக்காரர் ராடின் கனத்தைத்தான் காட்டுவார். நீங்கள் பார்க்க வேண்டியது ஸ்டீயரிங் வளையத்தை. வளையத்துக்குள்ளே இருப்பது விரல் கனம்கூட இல்லாத ஒரு உலோகக் கம்பி, மேலே ஃபோம், அதற்கு மேல் நாம் போட்ட ரெக்சின் கவர். ராடை யாரும் அறுக்க மாட்டார்கள். ஆக்சா பிளேடை வைத்து ராடின் கொக்கி பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வளையத்தை அறுத்து, லேசாக வளைத்து, லாக்கை அப்படியே முழுசாகக் கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள். அறுபட்ட வளையத்தோடு வண்டி ஓட்டுவதில் அவனுக்கு ஒரு சிரமமும் இல்லை. ஆக வளையம் எவ்வளவு பலமோ அவ்வளவுதான் ராடின் பலம். அதிலும் ஒரே ஒரு இடத்தில் பிடிக்கிற ராடைவிட, எதிரெதிராக இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி நடுவில் இழுத்துப் பூட்டுகிற ராடு மேல், வளையத்தை இரண்டு இடத்தில் அறுக்க வேண்டி வரலாம், நேரம் கூடும்.

ஆம்னி மாதிரி, குட்டி யானை மாதிரி முன்னால் மூக்கில்லாத வண்டிகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது, இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. காரில் ஸ்டீயரிங் நம் நெஞ்சைப் பார்த்து நிமிர்ந்து இருக்கும், ராடின் நீண்ட முனை டேஷ்போர்டுக்கு மேலே நிற்கும், திருப்பினால் கதவிலோ கண்ணாடித் தூணிலோ இடிக்கும். ஆம்னியில் ஸ்டீயரிங் பஸ் ஸ்டீயரிங் போலப் படுத்துக் கிடக்கிறது. காருக்கென்று செய்த குட்டை ராடை அதில் மாட்டினால் முனை எதிலும் இடிக்காமல் காற்றில் சுற்றும், பூட்டியிருக்கும்போதே வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போகலாம். அதனால் கடைக்காரரிடம் சொல்லி வண்டியிலேயே மாட்டிப் பாருங்கள். மாட்டிய பிறகு சாவியைப் போட்டுக் கம்பெனி லாக்கை விடுவித்துவிட்டு, இடதுபக்கம் முழுசாகத் திருப்புங்கள், வலதுபக்கம் முழுசாகத் திருப்புங்கள், சீட்டை முன்னே தள்ளியும் பின்னே தள்ளியும் பாருங்கள். கால் சுற்றுக்குள் ஏதாவது ஒன்றில் கெட்டியாக இடித்து நின்றால் சரி. அரைச் சுற்று வருகிறது என்றால் அந்த லாக் உங்கள் வண்டிக்கு ஆகாது, எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வேண்டாம். ஈகோவில் ஸ்டீயரிங் ஆம்னி அளவுக்குப் படுத்திருக்காது, அங்கே ராடு ஒழுங்காக வேலை செய்யும், ஆனாலும் அதே சோதனையைச் செய்துவிட்டு வாங்குங்கள்.

பெடலோடு மாட்டுகிற வகையை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதற்கும் மேல்முனை பிடிப்பது அதே வளையத்தைத்தான், அறுத்தால் அதுவும் கழன்றுவிடும். வேனில் பெடலுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் தூரம் குறைவு, பல ராடுகள் அந்த அளவுக்குச் சுருங்காமல் தொளதொளவென்று நிற்கும். சிலர் கிளட்சில் மாட்டாமல் பிரேக் பெடலில் மாட்டுகிறார்கள், பெடல் கொஞ்சம் அழுந்தினாலும் பின்னால் பிரேக் லைட் இரவு முழுக்க எரிந்து காலையில் பேட்டரி படுத்துக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேல், ஒவ்வொரு தடவையும் குனிந்து காலடியில் மாட்ட வேண்டும். நாள் முழுக்க லோடு ஏற்றி இறக்கிய டிரைவர் இரவு பத்து மணிக்கு அதைச் செய்வாரா? ஒரு வாரம் செய்வார்.

தட்டு வகை வேறு. பெரிய தோசைக்கல் அளவுக்கு இருக்கிற அந்த இரும்பு, வளையத்தையே உள்ளே வைத்து மூடிவிடுகிறது. ஆக்சா பிளேடை வைக்க வளையம் வெளியே தெரியாது. அதனால் வளையத்தை அறுக்கிற குறுக்கு வழி அடைபட்டுவிடுகிறது, இரும்பையே உடைத்தாக வேண்டும். ஆனால் தட்டு என்ற பெயரில் கடையில் இருப்பதெல்லாம் இப்படி அல்ல. சிலது வளையத்தின் மேல்பக்கத்தை மட்டும் மூடிவிட்டு, அடியில் இரண்டு கொக்கியால் தொங்கும், கீழ்ப்பாதி வளையம் திறந்தே இருக்கும், அது தட்டு வேஷம் போட்ட ராடு. கையை விட்டு வளையத்தைச் சுற்றித் தடவிப் பாருங்கள், எங்கேயெல்லாம் விரலுக்கு வளையம் தட்டுப்படுகிறதோ அங்கேயெல்லாம் பிளேடும் போகும். வண்டியின் வளைய விட்டத்தை அளந்துகொண்டு போங்கள், வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை. ஸ்டீயரிங் கவர் போட்டிருந்தால் கவரோடு ஒரு அளவு, கவர் இல்லாமல் ஒரு அளவு. கனமான கவரால் தட்டு சரியாக மூடாமல் அரைகுறையாக நிற்கும், அப்படி இருந்தால் கவரைக் கழற்றி வீசிவிடுங்கள்.

இனி கடையில் செய்ய வேண்டியவை. சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள், பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்தது போதும். ராடு இரும்பாகத்தான் இருக்கும், அங்கே வைக்காதீர்கள், கொக்கியிலும் சாவி போடும் தலைப்பகுதியிலும் வையுங்கள். மலிவு லாக்குகளில் இந்த இடங்கள் துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி எடுத்தவை, பெயின்ட் அடித்துவிட்டால் இரும்பு மாதிரியே இருக்கும், ஆனால் காந்தம் ஒட்டாது. அது சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் பிஸ்கட்டாக நொறுங்கும். அப்புறம், பூட்டிவிட்டு இரண்டு முனையையும் பிடித்து உங்கள் பலம் முழுவதும் கொடுத்து இழுங்கள். உள்ளே பல் பிடிக்கிற பாகம் மட்டமாக இருந்தால் ஒரு பல் நழுவுகிற சத்தம் கேட்கும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், உங்கள் வண்டிக்கு வரப்போகிறவன் இதைவிட அதிகமாக இழுப்பான்.

சாவியைப் பற்றி ஒன்று. அதே மாடலில் இன்னும் இரண்டு பெட்டி பிரிக்கச் சொல்லி, அந்தச் சாவியை உங்கள் லாக்கில் போட்டுப் பாருங்கள். திறந்துவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள். மட்டமான லாக்குகளுக்கு மொத்தமே சில வகைச் சாவிகள்தான் வெட்டுகிறார்கள், திருடன் அந்தக் கொத்தையே வைத்திருப்பான். சாதாரணத் தட்டைச் சாவி போடும் லாக்கில் பலமான ஸ்குரூடிரைவரை அடித்துத் திருப்பினாலே சில திறந்துகொள்கின்றன. உருண்டைக் குழாய் மாதிரி இருக்கிற சாவி பார்வைக்குப் பலமாகத் தெரியும், ஆனால் அதைத் திறக்கத் தனி டூலே விற்கிறது. முகத்தில் சின்னச் சின்னக் குழிகள் உள்ள, நம் ஊரில் கம்ப்யூட்டர் சாவி என்று சொல்கிற வகை இவற்றில் நல்லது. மூன்று சாவி தருகிற லாக்காக எடுங்கள், டூப்ளிகேட் போட வெளியே கொடுக்க வேண்டாம்.

உங்கள் மெக்கானிக் சொல்லும் கியர் லாக்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது தரையில் போல்ட் போட்டு நிரந்தரமாக இருக்கும், வீட்டில் மறந்து வைத்துவிட முடியாது, ரிவர்ஸில் போட்டுப் பூட்டினால் முன்னால் ஓட்ட முடியாது. மறதிக்கார டிரைவருக்கு அதுதான் சிறந்தது. ஆனால் வெளியே இருந்து பார்ப்பவனுக்குக் கியர் லாக் தெரியாது, கண்ணாடியை உடைத்துக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்த பிறகுதான் தெரியும், அந்தக் கண்ணாடிச் செலவு உங்களுக்கு. இன்னொன்று, உங்கள் இரண்டு வண்டியும் பின் சக்கரத்தில் இழுக்கும் வண்டிகள், பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் கியர் எதில் இருந்தாலும் முன் சக்கரம் உருளும். கயிறு கட்டியோ தூக்கியோ இழுத்துப் போவதைச் சிரமமாக்குவது ஸ்டீயரிங் திரும்பாமல் இருப்பதுதான். அடுத்த வருடம் காசு இருக்கும்போது ஆம்னிக்குக் கியர் லாக்கும் சேர்த்துப் போடுங்கள், நல்லதுதான். போடும்போது போல்டின் தலை உடைந்து விழுகிற வகை போல்ட்டாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சாதாரண ஸ்பேனரில் கழற்றுகிற போல்ட்டாக இருந்தால் அந்த லாக்குக்கு அர்த்தமே இல்லை.

கட்-ஆஃப் சுவிட்ச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வண்டியில் எல்பிஜி கிட் இருக்கிறது. பொதுவாக எல்லோரும் பெட்ரோல் பம்ப் ரிலேயை கட் செய்கிற மாதிரி போட்டுக் கொடுத்துவிடுவார்கள், சுலபமான வேலை. கேஸில் ஓடுகிற வண்டிக்குப் பெட்ரோல் பம்ப் எதற்கு? திருடன் கேஸ் சுவிட்ச்சைத் தட்டிவிட்டு ஸ்டார்ட் செய்து போய்க்கொண்டே இருப்பான். உங்கள் எலக்ட்ரீசியனிடம் தெளிவாகச் சொல்லுங்கள், இக்னிஷன் காயிலுக்குப் போகிற சப்ளையை கட் செய்யும்படி, பெட்ரோலிலும் கேஸிலும் இரண்டிலும் ஸ்டார்ட் ஆகக் கூடாது. முடித்த பிறகு சுவிட்ச்சை ஆஃப் செய்துவிட்டு, இரண்டிலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்று செய்து காட்டச் சொல்லுங்கள். முழுக் கரண்டையும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாக விடாமல் ரிலே வைத்துச் செய்ய வேண்டும், தனி ஃபியூஸ் வேண்டும், ஜாயின்ட்டை முறுக்கி டேப் சுற்றாமல் ஈயம் வைத்து ஸ்லீவ் போட வேண்டும். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, சூடு அதிகம், மட்டமான டேப் ஒரு கோடையில் உருகிவிடும், பக்கத்தில் கேஸ் குழாயும் இருக்கிற வண்டியில் தளர்ந்த ஜாயின்ட் என்பது திருட்டைவிடப் பெரிய ஆபத்து. ஓடும்போது கை பட்டு ஆஃப் ஆகிவிடாத இடமாகவும் இருக்க வேண்டும். இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள், உங்களுக்கும் அந்த வண்டியை ஓட்டும் ஒரு டிரைவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

இந்த சுவிட்ச்சை ஈகோவில் போடாதீர்கள். 2022 நவம்பரில் வந்த புது ஈகோவிலிருந்து இம்மொபிலைசர் உண்டு, சரியான சிப் உள்ள சாவி இல்லாமல் இன்ஜின் ஓடாது. உங்களுடையது 2023 என்பதால் இருக்க வேண்டும், உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று ஓனர் புத்தகத்திலோ டீலரிடமோ ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். வாரன்ட்டி இருக்கும் வண்டியின் வயரிங்கில் வெளியாள் கை வைத்தால் பிறகு எந்த எலக்ட்ரிக்கல் கோளாறுக்கும் அதையே காரணம் காட்டுவார்கள்.

ஆனால் ஈகோவுக்கு வேறு ஒரு ஆபத்து இருக்கிறது, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். குஜராத், மகாராஷ்டிரா பக்கம் ஈகோவின் சைலன்சரைக் குறிவைத்துத் திருடுகிற கும்பல்களைப் போலீஸ் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. சைலன்சரோடு சேர்ந்த, புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன, ஈகோ தரையிலிருந்து உயரமாக நிற்பதால் அடியில் படுத்துக் கழற்றுவது சுலபம். வண்டி அங்கேயே நிற்கும், காலையில் ஸ்டார்ட் செய்தால்தான் டிராக்டர் மாதிரி சத்தம் வரும், அப்போதுதான் தெரியும். இதற்கு எந்த ஸ்டீயரிங் லாக்கும் உதவாது. சைலன்சர் ஃபிட்டிங் கடையில் போல்ட் இருக்கும் இடத்தில் ஸ்டீல் பட்டை வைத்து ஒரு காப்பு செய்து தருவார்கள், வெல்டிங் வைக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். அதுவரை சைலன்சர் இருக்கும் பக்கம் சுவரை ஒட்டி நிற்கும்படி வண்டியை நிறுத்துங்கள்.

நிறுத்துவது என்று சொன்னதும், உங்களிடம் இரண்டு வண்டி இருப்பது ஒரு வசதி, அதற்குக் காசே செலவில்லை. ஆம்னியின் முன்பக்கம் குடோன் சுவரைப் பார்த்து, ஒரு அடிகூட இடம் விடாமல் நிற்கட்டும். ஈகோவை அதன் பின்னால் குறுக்கே, ஆம்னி வெளியே வர முடியாதபடி நிறுத்துங்கள், அப்போது சைலன்சர் பக்கம் சுவருக்குப் பதிலாக ஆம்னியை ஒட்டி இருக்கட்டும். ஆம்னியை எடுக்க வேண்டுமானால் முதலில் ஈகோவை எடுக்க வேண்டும், அதில் இம்மொபிலைசரும் ராடும் இருக்கிறது. சக்கரத்தை நேராக விடாமல் ஒரு பக்கமாக முழுசாக ஒடித்து நிறுத்திவிட்டு லாக் போடுங்கள், இழுத்துப் போக நினைப்பவனுக்கு வண்டி வட்டமடிக்கும். தெரு விளக்கு அணைந்து கிடந்தால் மாநகராட்சிக்கு எழுதிப் போடுங்கள், அதுவரை ஆள் நடமாட்டத்துக்கு எரிகிற சென்சார் பல்பு ஒன்று வாசலில் மாட்டுங்கள்.

திருப்பூர் என்பதால் பஞ்சுத் தூசியைப் பற்றியும் சொல்கிறேன். லாக் சாவி இறுக்கமாகிறதென்று மிஷின் ஆயில் விட்டால் அந்த ஆயிலில் பஞ்சு ஒட்டி, சில மாதத்தில் சாவித் துவாரம் அடைத்துக்கொள்ளும். பென்சிலைச் சீவி அந்தக் கரித்தூளைச் சாவியில் தேய்த்துப் போட்டு நாலு தடவை திருப்புங்கள், போதும். சாவி இறுக்கமாக இருப்பதுதான் டிரைவர் லாக் போடாமல் விடுவதற்கு முதல் காரணம். தட்டு வெயிலில் தொட முடியாத அளவு சூடாகும் என்பதால் பகலில் போடச் சொல்லாதீர்கள், இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அது கேபினில் உருளக் கூடாது, பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். சீட்டுக்குப் பின்னால் ஒரு பெல்ட் போட்டுக் கட்டி வையுங்கள்.

பகலில் ஆபத்து சாவியில்தான் இருக்கிறது. செக்கிங் யூனிட்டில் நாலு மூட்டை இறக்க இன்ஜினை ஓடவிட்டே போகிறார்கள், டீக்கடையில் சாவியோடு நிறுத்துகிறார்கள். டிரைவர்களிடம் கோபமாகச் சொல்ல வேண்டாம், காரணத்தைச் சொல்லுங்கள்: சாவியை வண்டியிலேயே விட்டுப் போனபோது திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி அஜாக்கிரதை என்று கிளைமை மறுக்கப் பார்க்கும். அப்படி ஒரு லாரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-ல் 75 சதவீதம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. கிடைத்ததே அவ்வளவுதான், அதற்கும் எத்தனை வருட அலைச்சல்.

இன்சூரன்ஸில் உங்கள் ஆம்னி நிலைமைதான் எனக்குக் கவலை. தேர்ட் பார்ட்டி பாலிசியில் திருட்டுக்கு ஒரு ரூபாய் கூட வராது. பழைய வண்டி என்று விட்டிருப்பீர்கள், ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், அடுத்த ரினீவலில் திருட்டுக்கு மட்டும் சேர்க்க முடியுமா என்று ஏஜென்ட்டிடம் விலை கேளுங்கள். ஏஆர்ஏஐ என்கிற வாகன ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புச் சாதனம் இருந்தால் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு என்று கடையில் சொல்லுவார்கள், உண்மைதான், ஆனால் அது சொந்த சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய், அதற்கும் ஆட்டோமொபைல் சங்கத்தின் சான்றிதழ் வேண்டும். அதை நம்பி லாக் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஈகோவின் இரண்டு சாவியும் பத்திரமாக இருக்கட்டும், திருட்டுக் கிளைமில் இரண்டையும் கேட்பார்கள், ஒன்று இல்லையென்றால் கேள்வி மேல் கேள்வி வரும். எப்போதாவது அப்படி நடந்துவிட்டால் தேடிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு நாள் தள்ளாமல் உடனே 112-க்கு அடியுங்கள், எஃப்ஐஆர் போடுங்கள், அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஆர்டிஓ-வுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கணக்கைப் பார்த்தால், தட்டு 3,500. ராடு, காந்தச் சோதனையில் தேறினால் அந்த 700 ரூபாய் ராடே போதும், தேறாவிட்டால் ஆயிரம் வரை போங்கள். ஆம்னிக்கு சுவிட்ச், ரிலே, கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள் பேசி முடிக்கலாம். மீதியில் சென்சார் பல்பு. இரண்டு வண்டியின் ஆர்சி-யையும் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொண்டு, அசலை வண்டிக்குள் விடாதீர்கள், டிஜிலாக்கரில் காட்டினால் போலீஸ் ஏற்றுக்கொள்ளும். ஆம்னிக்கு அந்தத் தட்டு உட்காரவில்லை என்றால் வேறு கடை வேறு கடை என்று அலையாமல், வளையத்தின் விட்டம், வளையத்துக்கும் முன்கண்ணாடிக்கும் இடையே எத்தனை அங்குலம், சீட்டுக்கும் வளையத்துக்கும் எத்தனை அங்குலம் என்று மூன்றையும் அளந்து எழுதுங்கள், நீள ராடு ஒன்றையும் கியர் லாக்கையும் சேர்த்து எப்படிப் போடுவது என்று சொல்கிறேன்.